தொழுகையில் ஓதும் ஸலவாத்துக்கு என்ன பொருள்? கேள்வி பதில்

மண்ணடியில் மாலை வேளையில் பெரியவர்களுக்கு அரபி சொல்லிக் கொடுக்கிறேன். அத்தஹிய்யாத் இருப்பில், அதாவது தொழுகையில் உட்கார்ந்து ஓதும் கட்டத்தில், நபிக்காக அருள் வேண்டி ஓதும் ஸலவாத்தைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டது. சிலர் ‘ஹஜ்ரத்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, வெறும் அரபி வாத்தியார். பாய் என்றே கூப்பிடுங்கள்.

ஏழு வயதிலிருந்து ஓதுகிறேன். எங்கே நிறுத்தினால் எங்கே தொடங்குவது என்பதுகூட மனப்பாடம். பொருள் மட்டும் தெரியாது. (கல்லூரி மாணவர், புரசைவாக்கம்)

“அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மத், கமா ஸல்லைத்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம், இன்னக்க ஹமீதுன் மஜீத்.”

யா அல்லாஹ்! இப்ராஹீமுக்கும் இப்ராஹீமின் குடும்பத்தாருக்கும் நீ அருள் புரிந்தது போல, முஹம்மதுக்கும் முஹம்மதின் குடும்பத்தாருக்கும் அருள் புரிவாயாக. நீயே புகழுக்குரியவன், மாண்பு மிக்கவன். இரண்டாம் பாதியும் இதே அமைப்புதான். ‘ஸல்லி’ இருந்த இடத்தில் ‘பாரிக்’, ‘ஸல்லைத்த’ இருந்த இடத்தில் ‘பாரக்த்த’. அருளைக் கேட்ட வாயால் பரக்கத்தையும் (நிலைத்துப் பெருகும் வளத்தையும்) கேட்கிறோம், அவ்வளவுதான்.

“ஈமான் கொண்டவர்களே, நீங்கள் நபியின் மீது ஸலவாத் சொல்லுங்கள்” என்று குர்ஆன் (33:56) நமக்குக் கட்டளையிடுகிறது. நாமோ “அல்லாஹ்வே, நீ சொல்” என்று அவனிடமே திருப்பிவிடுகிறோம். சரியா பாய்? (ஆட்டோ ஓட்டுநர், அயனாவரம்)

இந்தச் சந்தேகம் வந்தவர்தான் ஸலவாத்தைக் கவனித்து ஓதுகிறார் என்பேன். சஹாபாக்களுக்கே (நபித்தோழர்களுக்கே) இதில் தயக்கம் இருந்திருக்கிறது. “உங்களுக்கு ஸலாம் சொல்லும் முறை எங்களுக்குத் தெரியும், ஸலவாத் எப்படிச் சொல்வது?” என்று நபியவர்களிடமே கேட்டார்கள். நபித்தோழர் கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி), புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் மேலே உள்ள வாசகம்.

அதே வசனத்தில் ‘ஸலாத்’ (ஸலவாத்தின் ஒருமை) மூன்று பேரிடமிருந்து வருகிறது: அல்லாஹ், வானவர்கள், நாம். அல்லாஹ்வின் ஸலாத் என்றால், வானவர்கள் முன்னிலையில் நபியைப் புகழ்ந்துரைப்பது என்று அபுல் ஆலியா என்ற பழைய அறிஞர் சொன்னதை புகாரி பதிவு செய்திருக்கிறார். ரஹ்மத் (அருள்) என்று சொன்னவர்களும் உண்டு. வானவர்களின் ஸலாத்தும் நம்முடைய ஸலாத்தும் துஆ (வேண்டுதல்). நபிக்குக் கொடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? கொடுக்கக்கூடியவனிடம் கேட்கிறோம். கேட்பதுதான் கட்டளையை நிறைவேற்றுவது. ஆகவே நாம் நபியை ஆசீர்வதிக்கிறோம் என்று மொழிபெயர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நபிமார்களில் உயர்ந்தவர் நம் நபி. அப்புறம் ஏன் “இப்ராஹீமுக்குக் கொடுத்தது போல”? பெரியவருக்குச் சிறியவரை உவமை காட்டுவதா? (சகோதரி, பெரம்பூர்)

அறிஞர்கள் நிறைய எழுதிய கேள்வி. ‘போல’ என்று பொருள்படும் ‘கமா’ எப்போதும் அளவை ஒப்பிடாது. “உங்களுக்கு முன்னிருந்தோருக்கு விதிக்கப்பட்டது போல உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டது” (2:183) என்பதிலும் இதே ‘கமா’தான். நாள் கணக்கோ நேரமோ ஒன்று என்று அங்கே யாரும் படிப்பதில்லை. இன்னொரு பதில்: நம் நபியும் இப்ராஹீம் நபியின் வழித்தோன்றல்தான், அந்தக் குடும்பத்துக்குள் அடக்கம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. குர்ஆனில் ஹூத் அத்தியாயத்தைத் திறந்து 73ஆம் வசனத்தைப் பாருங்கள். விருந்தாளிகளாக வந்த வானவர்கள், இப்ராஹீம் நபிக்கு இஸ்ஹாக் என்ற மகன் பிறப்பார் என்று நற்செய்தி சொல்கிறார்கள். இப்ராஹீம் நபியின் மனைவி, “நானோ கிழவி, கணவரும் முதியவர், எனக்கா பிள்ளை?” என்று வியக்கிறார். அதற்கு வானவர்கள் சொல்வது: “இந்த வீட்டாரே, உங்கள் மீது அல்லாஹ்வின் ரஹ்மத்தும் பரக்கத்தும் உண்டாகட்டும். அவன் ஹமீத், மஜீத்.” ஸலவாத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பம், பரக்கத், ஹமீத், மஜீத், எல்லாம் இருக்கிறது. பிள்ளையில்லாத முதிய தம்பதியின் வாசலில் சொல்லப்பட்ட வார்த்தை தொழுகைதோறும் நம் வாயில் வருகிறது. இது தெரிந்த பிறகு அந்த இருப்பில் என்னால் அவசரமாக ஓத முடிவதில்லை.

ஸலவாத்தில் ‘ஆலி முஹம்மத்’ என்று வரும் ‘ஆல்’ (குடும்பத்தார்) என்றால் யார் யார்?

ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் என்ற இரண்டு குலங்களின் வழியில் வந்த முஸ்லிம்கள். நபியைப் பின்பற்றுவோர் அனைவரும் என்ற கருத்தும் உண்டு.

தரூத் வேறு, ஸலவாத் வேறா?

ஒன்றுதான். தரூத் பாரசீகச் சொல், உருது வழியாகத் திருவல்லிக்கேணி வீடுகளுக்கு வந்தது. எங்கள் பாட்டி ‘செலவாத்து’ என்பார். அதுவும் இதுதான்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன், இந்து. (ஸல்) என்று போடச் சொல்கிறார்கள். அது என்ன பாய்? கடைக்காரர்கள் சொல்லும் பரக்கத்தும் இதில் வருகிறதா? (ராயப்பேட்டை)

‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்பதன் சுருக்கம். அல்லாஹ் அவர்மீது அருளும் ஸலாமும் பொழிவானாக. வினை இறந்தகாலம், பொருள் வேண்டுதல். அரபியில் அப்படி வரும். வாசிக்கும்போது ‘ஸல்’ என்று நிறுத்தாமல் முழுதாகச் சொல்வோம்.

பரக்கத்தும் ‘பாரிக்’கும் ஒரே வேர். ஒட்டகம் மண்டியிட்டு அமர்வதை அரபியில் ‘பரக்க’ என்பார்கள். நீர் தங்கும் குளம் ‘பிர்கா’. வந்தது போகாமல் தங்குவது, தங்கியது பெருகுவது. கல்லாவில் பரக்கத் இல்லை என்றால் பணம் வரவில்லை என்று பொருளல்ல, வந்தது நிற்கவில்லை என்று பொருள்.

ஸலவாத்தை ஓத மறந்து எழுந்துவிட்டால் தொழுகை கூடுமா?

கடைசி இருப்பில் ஸலவாத் ஷாஃபியில் பர்ளு (கட்டாயம்), ஹனஃபி மத்ஹபில் சுன்னத் (கட்டாயமில்லாத நபிவழி). ஷாஃபியிலும் “அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத்” என்ற அளவே பர்ளுக்குப் போதும். உங்களுக்கு நேர்ந்ததை மஹல்லா இமாமிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

மகள் தமிழ் எழுத்தில் உள்ள புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறாள். போதுமா? (வியாசர்பாடி)

தொடங்குவதற்குப் பரவாயில்லை, அதோடு விட்டுவிடாதீர்கள். ஸீன், ஸாத் என்ற இரண்டு அரபி எழுத்துகளுக்கும் தமிழில் ஒரே ‘ஸ’தான். ‘ஸல்லி’யை ஸாதில் சொன்னால் “அருள் புரி”. ஸீனில் சொன்னால் “ஆறுதல் சொல், பொழுதுபோக்கு” என்கிற வேறு வினை. ஸாதுக்கு நாக்கின் பின்பகுதி மேலே எழும், ஒலி தடிக்கும். ஓதத் தெரிந்தவர் எதிரில் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள், குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடிப்பார்கள்.

வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் ஓதலாமா? ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தூய்மை) இருக்காதே.

தாராளமாக. தொழுகைக்கு வெளியே ஸலவாத்துக்கு ஒளு நிபந்தனை இல்லை. உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்றும் இல்லை.