முதியோர் சாலை கடப்பது: கேள்வி பதில்

கேள்வி: அம்மா பாதி தூரம் போவதற்குள் சிக்னலில் சிவப்பு விழுந்துவிடுகிறது. நேரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், ஐயா?

சாலை அகலத்தை நடைவேகத்தால் வகுப்பார்கள். வழக்கமாக எடுக்கும் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 14 மீட்டர் நான்குவழிச் சாலைக்கு ஏறக்குறைய 12 நொடி வரும். கைத்தடி ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17.5 நொடி வேண்டும். 12 நொடியில் விளக்கு மாறினால் இன்னும் 4.4 மீட்டர் பாக்கி. ஒரு தடத்துக்கும் மேல். பச்சை விழுந்தபின் முதல் அடி வைக்கவே அவருக்குச் சில நொடி ஆகும், அதையும் சேருங்கள். மருத்துவமனை, கோயில், ரேஷன் கடை பக்கம் 0.8-ஐ வைத்தே கணக்கிட வேண்டும். மனுவில் இந்தக் கணக்கையே எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால் பச்சை கூடுதலாக 3 முதல் 13 நொடி எரிகிறது.

கேள்வி: நேரம் கூட்டினால் வண்டி தேங்கும் என்கிறார்களே?

அப்படியானால் நடுவே நின்று போக இடம் கேளுங்கள். 7 மீட்டராக இரண்டு தவணையில் கடக்கலாம். சாலை நடுவே உள்ள திட்டு (மீடியன்) 2 மீட்டர் அகலமிருந்தால் சக்கர நாற்காலியும் தள்ளுபவரும் நிற்கலாம். அந்தத் திட்டின் குறுக்கே நடக்கும் வழியைச் சாலை மட்டத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஏறி இறங்க வைத்தால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

கேள்வி: பிளாட்பாரத்துக்குச் சாய்தளம் போட்டார்கள். அப்பா அதில் கால் வைக்கவே பயப்படுகிறார்.

அவர் பயம் நியாயமானது. டேப் எடுத்து அளந்து பாருங்கள். சரிவு 1:12 என்றால் 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும், பல இடங்களில் 60 செ.மீ.யில் முடித்துவிடுகிறார்கள். அடியில் தார் சேருமிடத்தையும் தடவிப் பாருங்கள். வயதானவர்கள் பாதத்தை உயர்த்தி வைப்பதில்லை; 2 செ.மீ. விளிம்பே கட்டைவிரலைத் தட்டிவிடும். சாலையோரம் தண்ணீர் ஓடிவரும் திசையில், சாய்தளத்துக்கு முன்பே மழைநீர் வடிகால் வாய் இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி அந்த விளிம்பை மறைத்துவிடும்.

கேள்வி: ஸ்பீடு பிரேக்கர் போதாதா?

அதைவிட, கடக்கும் பாதையையே பிளாட்பாரம் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது மேல். வண்டி வேகம் குறையும், நடப்பவர் இறங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, கார் ஓட்டுகிறேன். வலதுபக்கம் திரும்பத்தான் தடுமாற்றம்.

எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் இடைவெளியையும் ஒரே நேரத்தில் கணிப்பது வயதானால் கடினம். வலதுக்குத் தனிப் பச்சை அம்பு இருந்தால் அந்தக் கணிப்பே தேவைப்படாது. பெயர்ப்பலகையும் முக்கியம்: 10 செ.மீ. எழுத்தைச் சுமார் 36 மீட்டரில்தான் படிக்கலாம், 50 கி.மீ. வேகத்தில் அது இரண்டரை நொடி. 20 செ.மீ. எழுத்து ஐந்து நொடி தரும். தடம் மாற அவ்வளவாவது வேண்டும்.