ஆமை வேண்டாம், கறிவேப்பிலைப் புழு போதும்

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளை ‘ஓர் உயிரினத்தைக் கவனித்து ப்ராஜெக்ட் செய்’ என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் அவகாசம். தெர்மாகோலில் செய்துதர கடையில் ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். ஒருவர் குட்டி ஆமை வாங்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அந்த ஆமை. நட்சத்திர ஆமை என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வாங்கினாலும் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். ‘பேப்பர் எல்லாம் இருக்கு சார்’ என்பார் விற்பவர். மாட்டினால் அவர் இருக்கமாட்டார், நீங்கள் இருப்பீர்கள். பச்சைக்கிளியை வாங்கினாலும் வளர்த்தாலும் குற்றம்தான். காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை வெளிநாட்டுச் சரக்கு. ப்ராஜெக்ட் முடிந்ததும் அதை ஏரியில் விடுவார்கள், அங்கிருக்கும் நம்மூர் ஆமைக்கு இரையும் இடமும் போகும்.

மயிலிறகு ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒட்டலாம். தேசியப் பறவை என்றாலும் ஆண்மயிலின் தோகை இறகுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. தோகைக்கு மட்டும்தான். சிறகு, கால், தலைக்கொண்டைக்குக் கிடையாது. தோகையிலும் தானாக உதிர்ந்ததா என்று பாருங்கள். அடிக்காம்பில் ரத்தக்கறையோ சதைத் துணுக்கோ இருந்தால் பிடுங்கியது. தொடாதீர்கள்.

இனி உங்கள் மகளுக்கான வேலை. தொட்டியில் வளரும் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைத் தேடச் சொல்லுங்கள். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அவை. இரண்டு புழு போதும். ஒரு சாண் உயர டப்பாவில் விட்டு, வாயில் கொசுவலை போட்டு ரப்பர்பேண்டால் கட்டுங்கள். இலைக்கொத்தைச் சின்ன பாட்டில் தண்ணீரில் நிறுத்தி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். டப்பாவில் தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள், தேங்கினால் பூஞ்சை வரும்.

சந்தைக் கறிவேப்பிலையைக் கொடுத்தால் புழு செத்துப்போகலாம். அதில் பூச்சிமருந்து இருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. மருந்தடிக்காத செடி இல்லையென்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆய்வுக்கு ஒரே கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு இலை தின்கிறது? இலையைக் கொடுக்குமுன் கிராஃப் தாளில் வைத்து ஓரத்தை வரையட்டும். மறுநாள் மிச்சத்தை அதே கோட்டுக்குள் வைத்து வரைந்து, காணாமல்போன கட்டங்களை எண்ணட்டும். நீளத்தை நூலால் அளந்து, அதே அளவில் களிமண் புழு ஒன்று உருட்டட்டும். நிஜப் புழு கடைசியில் பச்சையாகி ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் வரும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னால் கவட்டை போன்ற கொம்பு நீளும், நாற்றமும் வரும். ஒருமுறை பார்த்தால் போதும். பள்ளிகள் மினுமினுப்புத் தாளுக்குத்தான் மதிப்பெண் போடுகின்றன, இந்த நோட்டுக்குப் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

தின்பதை நிறுத்தி அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். மின்கம்பத்தில் ஏறுபவர் இடுப்பு பெல்ட் போல ஒரு நூலைச் சுற்றி அதில் சாய்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு தொடக்கூடாது. வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். சிறகு விரியத் தொங்க இடம் வேண்டும், டப்பா குட்டையாக இருந்தால் சுருண்டபடியே காய்ந்துவிடும். சிவப்பாகச் சொட்டினால் ரத்தமில்லை, கழிவுதான். கூட்டில் ஓட்டை விழுந்து குளவியோ ஈயோ வந்தால், அதன் தாய் முன்பே புழுவிலோ கூட்டுப்புழுவிலோ முட்டை வைத்துவிட்டது என்று பொருள். அதையும் தேதி போட்டு எழுதட்டும். அதற்காகத்தான் இரண்டு புழு.