ஆசை பல்கலைக்கழகம் தந்தது. துணிவு எங்கிருந்து வரும்?

கேள்வி: பினாங்கில் நிர்வாகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பாலேக் பூலாவ் ஜாதிக்காயில் செய்யும் இனிப்பு வகைகளைச் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பும் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை இங்கு வந்த பிறகுதான் பிறந்தது. தோழிகள் தொடங்கு என்கிறார்கள். அப்பாவோ, "படித்து முடித்ததும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போ, கல்விக் கடனை அடை" என்கிறார். இந்த ஆசை என்னுடையதா, வகுப்பறை ஊட்டியதா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

வகுப்பறை ஊட்டியதாகவே இருக்கட்டும். அதனால் அது உன்னுடையது இல்லை என்று ஆகிவிடாது. ஒருவர் ஒரு செயலில் இறங்க எண்ணுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று உளவியலாளர் ஐசக் ஐசன் 1991இல் விளக்கினார்: அச்செயலைப் பற்றிய நல்லெண்ணம், நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. முதலாவதைப் பல்கலைக்கழகம் தாராளமாகத் தருகிறது. இரண்டாவதில் தோழிகள் ஒரு பக்கமும் அப்பா மறுபக்கமும் நின்று உன்னை இழுக்கிறார்கள். மூன்றாவதைத் தேர்வுத்தாள் தருவதில்லை, உன் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காதது அதுதான்.

அந்தக் காலத்தில் பினாங்கில் கிட்டங்கி எனப்படும் வணிகக் கூடங்களுக்கு வந்த நகரத்தார் (செட்டியார்) பிள்ளைகள், பணப்பெட்டி அருகில் உட்கார்ந்து வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, கணக்கெழுதிப் பழகி, அடுத்தாள் எனும் துணைப் பொறுப்பாளராகி, பிறகே மேலாள் எனும் தலைமைப் பொறுப்பாளராகக் கடல் கடந்த கொடுக்கல் வாங்கலைத் தாங்கினார்கள். பட்டம் இல்லாத அவர்களுக்குத் துணிவைத் தந்தது அந்தப் படிப்படியான பழக்கமே. இன்றைய கல்வி உலகச் சந்தையை முதல் ஆண்டிலேயே கண்முன் விரிக்கிறது, ஆனால் பெட்டியடியில் உட்கார வைப்பதில்லை என்பதே என் வருத்தம். வாடகைக் கார் செயலியான கிராப் நிறுவனத்தைத் தொடங்கிய இரு மலேசியர்களும் ஹார்வர்டில் படித்தபோது 2011இல் தொழில் திட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவர்கள். அப்படியிருந்தும் 2012இல் கோலாலம்பூர் டாக்சிகளோடுதான் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டுதான் அண்டை நாடுகளுக்குச் சென்றார்கள்.

ஆகவே பட்டமளிப்புக்கு முன் ஒரே ஒரு சிறு பெட்டியை முறைப்படி சிங்கப்பூரிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பிப் பார். காய்ந்த ஜாதிக்காய் சுங்கப் பட்டியலில் 0908 என்ற தலைப்பில் வாசனைப் பொருளாக வரும். அதன் சதையைச் சர்க்கரையில் பதப்படுத்தினால் 2006 என்ற தலைப்புக்கு மாறிவிடும், வரியும் விதிமுறையும் அதன்படி மாறக்கூடும். சிங்கப்பூரில் உணவு இறக்குமதி செய்பவர் சிங்கப்பூர் உணவு முகமையின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும், சென்னைக்கு என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிகளைப் பார்க்க வேண்டும். புதிதாக ஏற்றுமதி செய்வோருக்கு வழிகாட்ட 1993 முதல் இயங்கும் மேட்ரேட் என்ற மலேசிய அரசின் வெளிநாட்டு வர்த்தக மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது, தயங்காமல் சென்று கேள். வாங்குபவரிடமிருந்து பணம் எப்போது, எந்த வழியில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அந்தப் பெட்டியின் வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடு, நட்டம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. பிள்ளை கடனில் சிக்கக்கூடாது என்ற அவர் கவலை நியாயமானது, அதற்குக் கணக்கைவிட நல்ல பதில் உன்னிடம் இல்லை. பாயான் லெப்பாஸ் வேலையையும் தோல்வியாக நினைக்காதே. அங்குள்ள தொழிற்சாலைகள் அன்றாடம் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புபவை. விண்ணப்பிக்கும்போது மட்டும், ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் பிரிவில் இடம் உண்டா என்று முதலில் கேள்.