தைராய்டு கட்டியை ஊசியால் சுட்டுச் சுருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கழுத்தின் வலப்பக்கம் மூன்று வருடமாகக் கட்டி இருக்கிறது. ஸ்கேனில் 3.6 × 2.4 × 2.2 செ.மீ., பெரும்பாலும் திடம், நடுவே கொஞ்சம் நீர் என்று போட்டிருக்கிறார்கள். ஊசி குத்தி எடுத்த பரிசோதனையில் பெதஸ்டா 2 (ஊசிப் பரிசோதனை முடிவை ஆறாகப் பிரிக்கும் தரவரிசையில் இரண்டாவது), சாதாரணக் கட்டி என்று வந்தது. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.1. விழுங்கும்போது இடிக்கிறது, பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் பாதித் தைராய்டை எடுத்துவிடலாம் என்கிறார். வேறொரு டாக்டர் தைராக்ஸின் சாப்பிட்டால் கரையும் என்கிறார். ஆர்.எஃப்.ஏ. என்று ஊசியால் சுடும் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்குப் பொருந்துமா?

பதில்: முதலில் மாத்திரையை ஒதுக்கிவிடலாம். உங்கள் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, அதனால் உங்களுக்குத் தைராக்ஸின் தேவையில்லை. கட்டியைக் கரைப்பதற்காக அதைக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. டி.எஸ்.எச்.சை அடிமட்டத்துக்கு அழுத்தினால்தான் கட்டி கொஞ்சமாவது சுருங்கும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வளரும். அதற்குள் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் சேர்ந்துகொள்ளும். அதனால் இப்போது இதைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை.

ஆர்.எஃப்.ஏ. உங்கள் கட்டிக்குப் பொருந்தக்கூடிய சிகிச்சைதான், ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த கட்டி முழுவதும் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், உள்ளே வேறு ஏதாவது இருந்தாலும் தெரிந்துவிடும். சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. பெதஸ்டா 2 என்று வந்த கட்டிகளிலும் நூற்றில் ஒரு சிலவற்றில் புற்றுநோய் தவறிப்போக வாய்ப்பு உண்டு. ஆகவே சுடுவதற்கு முன் தனித்தனியாக இரண்டு முறை ஊசிப் பரிசோதனை செய்து, இரண்டிலும் சாதாரணக் கட்டி என்றே வர வேண்டும். இரண்டாவது முறை ஊசி நீருள்ள இடத்தில் போகாமல், ரத்த ஓட்டமுள்ள திடப் பகுதியில் போகிறதா என்று கேளுங்கள். நீரை மட்டும் உறிஞ்சினால் செல்களே வராது. கட்டி முழுக்கப் பஞ்சு போன்ற துளைகளாக இருக்கிறது என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால் ஒரு முறை போதும். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

இரண்டாவது முடிவு பெதஸ்டா 3 என்றோ அதற்கு மேலோ வந்தால் ஆர்.எஃப்.ஏ. பேச்சை விட்டுவிட்டு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடமே திரும்பிப் போங்கள். கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தாலும், இரண்டு பக்கமும் நிறையக் கட்டிகள் இருந்தாலும் அதே பதில்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். விழுங்கும்போது இடிப்பது கட்டியாலா, நெஞ்செரிச்சல் அமிலத்தாலா? எச்சில் விழுங்கும்போது மட்டும் ஏதோ அடைப்பதுபோல் இருந்து, சோறும் இட்லியும் சிரமமில்லாமல் இறங்கினால், கட்டியின் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அப்படியிருக்கச் சுட்டால், கட்டி சுருங்கிய பிறகும் இடிப்பு அப்படியே இருக்கும், சிகிச்சை பலிக்கவில்லை என்று நினைப்பீர்கள்.

இனி சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தென் கொரிய மருத்துவர்கள் 2000களில் வளர்த்தெடுத்த முறை இது. பெயரில் ரேடியோ இருந்தாலும் கதிர்வீச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உயர் அதிர்வெண் மின்சாரம்தான். தொடைகளில் இரண்டு பட்டைகள் ஒட்டி மின்சாரம் திரும்பும் பாதையை அமைப்பார்கள். முழு மயக்கம் தேவையில்லை. தோலிலும் தைராய்டின் உறையைச் சுற்றியும் லிக்னோகெய்ன் போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருப்பதே நல்லது, குரல் மாறினால் உடனே தெரியும்.

ஊசி 18 கேஜ், சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன். நுனியில் 7 அல்லது 10 மி.மீ. நீளம் மட்டும் சூடாக்கும். உள்ளே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லையென்றால் நுனியைச் சுற்றியுள்ள சதை கருகி, அந்தக் கரியே மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஊசியைக் கழுத்தின் நடுவிலிருந்து, தைராய்டின் இரு மடல்களை இணைக்கும் பாலம் வழியாகப் பக்கவாட்டில் செலுத்துவார்கள். இப்படிச் செலுத்தினால் ஊசி முழு நீளத்துக்கும் ஸ்கேனில் தெரியும். நீங்கள் விழுங்கினாலும் இருமினாலும் அந்தத் திசுவே ஊசியைப் பிடித்துக்கொள்ளும், சூடான திரவமும் வெளியே கசியாது.

ஊசியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துச் சுடுவதில்லை. கட்டியைச் சின்னச் சின்ன கட்டங்களாக மனதில் பிரித்து, ஆழத்தில் தொலைவாக இருப்பதை முதலில் சுட்டு, ஊசியைப் பின்னுக்கு இழுத்தபடியே மேலே வருவார்கள். சுடும் இடத்தில் நுண்குமிழிகள் கிளம்பி ஸ்கேனில் வெள்ளைப் புகைபோல் மறைக்கும், மேல்பகுதியை முதலில் சுட்டால் அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. 10 மி.மீ. நுனிக்கு 30 முதல் 50 வாட்டில் தொடங்குவார்கள். ஐந்து பத்து விநாடிக்குள் அந்த வெண்மை வராவிட்டால் வாட்டைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். தாடை, காது, தோள் பக்கம் வலி பாய்ந்தால் உடனே சொல்லுங்கள், சில விநாடி நிறுத்தினால் அடங்கும்.

எல்லோரும் பயப்படும் இடம் கட்டியின் உட்புறப் பின்பகுதி. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில் குரல்நாண் நரம்பு ஓடுகிறது. அதைக் காப்பாற்ற ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலைச் செலுத்தித் தைராய்டை நரம்பிலிருந்து தள்ளி வைப்பார்கள். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படியும் அந்த ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையைச் சுடாமல் விடுவார்கள். பின்னாளில் கட்டி மறுபடி வளர்ந்தால் பெரும்பாலும் அந்தப் பட்டையிலிருந்துதான் வளரும். துணிந்து ஓரம் வரை சுட்டால் குரலுக்கு ஆபத்து, விலகி நின்றால் கட்டி திரும்பி வரும். செய்பவரின் கைத்தேர்ச்சி தெரிவது இந்தச் சில மில்லிமீட்டரில்தான். குரல் மாறுவது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு நேர்கிறது, அதிலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். முன்கூட்டியே குரல்நாண்களைக் குழாய்க் கருவி வைத்துப் பார்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

உங்கள் கட்டியின் கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். மூன்று அளவுகளையும் பெருக்கி 0.524ஆல் பெருக்குங்கள், சுமார் 10 மில்லி வரும். இந்த அளவுக்குப் பெரும்பாலும் ஒரே அமர்வு போதும். 20 மில்லியைத் தாண்டினால் இரண்டாவது அமர்வு தேவைப்படலாம். சுட்ட மறுநாளே கட்டி மறையாது, முதல் சில நாள் வீக்கத்தால் கூடுதலாகக்கூடத் தெரியும். செத்த திசுவை உடல் மெல்ல மெல்லத்தான் அகற்றும். ஆறு மாதத்தில் கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கும், ஒரு வருடத்தில் பலருக்கு 70, 80 சதவீதம் வரை குறையும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 10 மில்லி 2 மில்லியாகக் குறைந்தாலும் ஸ்கேனில் 3.6 செ.மீ. என்பது 2.1 செ.மீ. என்றுதான் வரும். அளவு பாதிகூடக் குறையவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம், கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

அன்றே வீடு திரும்பலாம். ஐஸ் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சில வாரம் கழித்துக் கழுத்து திடீரென்று வீங்கி வலித்தால் கட்டியின் உறை கிழிந்து உள்ளிருப்பது கசிந்திருக்கலாம். பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும், ஆனால் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சையைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். கட்டி ஒரேயடியாகப் போய்விடும், நோயியல் முடிவும் கையில் இருக்கும். பதிலுக்குத் தழும்பு இருக்கும், பாதி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பு குறையும், அவர்களில் பலர் மாத்திரையைத் தொடர வேண்டிவரும். ஆர்.எஃப்.ஏ.வுக்குப் பிறகு சுரப்பு குறைவது அரிது. இரண்டாவது ஊசிப் பரிசோதனையும் சாதாரணம் என்று வந்து, இடிப்பும் கட்டியால்தான் என்று உறுதியானால், உங்கள் இடத்தில் நான் ஆர்.எஃப்.ஏ.வையே முதலில் யோசிப்பேன். கட்டி முக்கால்வாசி நீராக இருந்திருந்தால் அதுகூட வேண்டாம், நீரை உறிஞ்சிவிட்டு ஆல்கஹால் செலுத்தினாலே சுருங்கும், செலவும் குறைவு.

செய்பவரிடம் கேட்க வேண்டியவை: இதுவரை தைராய்டுக்கு எத்தனை செய்திருக்கிறார் (கல்லீரலில் செய்த அனுபவம் இதற்குப் போதாது), ஊசி புதியதா (அது ஒருமுறை பயன்பாட்டுக்கானது), டெக்ஸ்ட்ரோஸ் பயன்படுத்துவாரா, இரண்டாவது அமர்வு தேவைப்பட்டால் கட்டணம் எவ்வளவு. பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன், கூடவே டி.எஸ்.எச். சுட்ட கட்டி ஸ்கேனில் கறுத்து, ஓரம் ஒழுங்கில்லாமல் தெரியும். விஷயம் தெரியாத ஸ்கேன் டாக்டர் அதைப் புற்றுநோய்ச் சந்தேகம் என்று எழுதிவிடக்கூடும். பழைய ஸ்கேன் படங்கள், இரண்டு ஊசிப் பரிசோதனை முடிவுகள், சிகிச்சைக் குறிப்பு மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையோடு எடுத்துப் போங்கள்.