நத்தார் விருந்து, புத்தாண்டு ஒன்றுகூடல் போன்றவற்றை தேவாலயம் நடத்தலாமா?

நடத்தலாம். கொழும்பில் நடத்தத்தான் வேண்டும் என்பேன். இங்கே பல ஆலயங்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று ஆராதனை நேரம் வேறு வேறு. ஒரு கூட்டம் வெளியே வரும்போது அடுத்தது உள்ளே போகும். பத்து வருடம் ஒரே ஆலயத்துக்குப் போயும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நத்தார் கால ஒளிவிழாவுக்குப் பிறகு கேக்கும் தேநீரும் கொடுத்து எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால்தான் பேச்சே தொடங்கும்.

வேதத்தில் இடமுண்டா என்றால், அப்போஸ்தலர் 2:46ஐப் பாருங்கள்: ஆதிச்சபை மகிழ்ச்சியோடு சேர்ந்து சாப்பிட்டது. ஆனால் 1 கொரிந்தியர் 11இல் பவுல் திட்டுவதும் சாப்பாட்டு விஷயத்தில்தான். ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறிக்கிறான் என்கிறார். என் பயமும் அதுதான். டிக்கெட் போட்டு விருந்து வைத்தால், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடுகளிலிருந்து (நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள்) வருகிற குடும்பம் பேசாமல் ஒதுங்கிவிடும். ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து பகிர்வது நல்லது. (யாரோ ஒருவர் வெறும் பப்படத்தோடு வருவார், பரவாயில்லை.)

அப்புறம் நாள் பார்க்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு பல வருடங்களில் தவக்காலத்துக்குள், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் நோன்புக் காலத்துக்குள், விழும். 2022இல் ஏப்ரல் 14 பெரிய வியாழன், மறுநாள் பெரிய வெள்ளி. அப்படியானால் பலகாரத்தையும் விளையாட்டுப் போட்டிகளையும் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வையுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.