கால்பந்தா, கிரிக்கெட்டா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளிக்காகக் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடுகிறான். ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார் பயிற்சியாளர். மகன் இரவெல்லாம் அழுகிறான். இரண்டிலும் முன்னுக்கு வந்தவர்கள் உண்டா? நான் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, இப்போதைக்கு எதையும் விடச் சொல்லாதீர்கள். அவனுக்கு ஆர்தர் மில்டனைப் பற்றிச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் வலது விங்கர், அதாவது வலது ஓரமாக ஓடித் தாக்குபவர். முதல் அணிக்குள் நுழைந்த 1951-ஆம் ஆண்டிலேயே, வெம்பிளியில் ஆஸ்திரியாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடிவிட்டார். 1953-இல் லீக் பட்டம் வென்ற ஆர்சனலிலும் இருந்தார். கோடை வந்தால் குளோஸ்டர்ஷயர் மாவட்ட அணிக்குக் கிரிக்கெட்.

1958-இல் லீட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். முதல் இரண்டு நாளையும் மழை கொண்டுபோனது. பிறகு நியூசிலாந்து 67 ரன்னில் சுருண்டது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய மில்டன், இங்கிலாந்து டிக்ளேர் செய்தபோது 104 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். உடனே மறுபடி ஃபீல்டிங். ஆட்டம் நடந்த நேரம் முழுவதும் களத்திலேயே இருந்தார்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஸ்கோர் கார்டு அது.

இரண்டிலும் இங்கிலாந்துக்கு ஆடிய ஆண்கள் 12 பேர். கடைசி ஆள் இவர்தான். பிறகு வந்தவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. அன்று குளிர்காலம் கால்பந்துக்கு, கோடை கிரிக்கெட்டுக்கு. கால்பந்து வீரரின் வாரச் சம்பளத்துக்கு 1961 வரை உச்சவரம்பு இருந்ததால், கோடையில் கிரிக்கெட் ஆடிச் சம்பாதிப்பது குடும்பத்துக்கும் உதவியது. பின்னாளில் கால்பந்தில் பணம் கொட்டியது, இரண்டு சீசன்களும் முட்டிக்கொண்டன.

ஆகவே முதலில் காலண்டரை எடுங்கள். எந்தெந்த வாரங்களில் பயிற்சியும் போட்டியும் மோதுகின்றன என்று மகனையே குறிக்கச் சொல்லுங்கள். மோதல் சில வாரங்கள்தான் என்றால், அதைப் பயிற்சியாளரிடம் காட்டிப் பேசுங்கள். வருடம் முழுவதும் மோதினாலோ, பையன் தூக்கம் கெட்டுக் களைத்துப்போனாலோ, பயிற்சியாளர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அப்போது ஒன்றைக் குறைக்கலாம்.

மில்டனும் ஒரு நாள் கால்பந்தை விட்டார். 1955-இல் பிரிஸ்டல் சிட்டி அணிக்கு மாறி, மூன்றாம் டிவிஷன் (தெற்கு) பட்டம் வெல்ல உதவிவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு 27 வயது. அதன் பிறகும் 1974 வரை கிரிக்கெட் ஆடினார். முதல்தர ஆட்டங்களில் 32,000 ரன்களுக்கு மேல். ஓய்வுக்குப் பின் பிரிஸ்டலில் தபால்காரராக வேலை பார்த்தார். அதனால் எந்த ஆட்டம் நிலைத்தாலும், பள்ளிப் படிப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.