கம்பெனிகள் ஏழை நாடுகளுக்கு என்ன செய்யலாம்? கொள்முதல் மேசையிலிருந்து சில பதில்கள்

வளரும் நாடுகளில் உள்ள மக்களின் பிழைப்பையும் நலத்தையும் தொழில் நிறுவனங்கள் எப்படி மேம்படுத்தலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. ஏற்றுமதி ஆர்டர் கொடுக்கும் பக்கத்தில் பல வருஷம், அதற்குப் பிறகு தொழிற்சாலை ஆடிட்டில் (வேலை நிலைமைகளைச் சோதிக்கும் ஆய்வில்) பல வருஷம் வேலை பார்த்தவள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது பதில்களைப் படித்தாலே தெரிந்துவிடும். கேளுங்கள்.

பிரவீன்: மேடம், எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) குழுவில் இருக்கிறேன். இருக்கிற பட்ஜெட்டை எதில் போட்டால் மக்களுக்கு அதிகப் பலன் கிடைக்கும்?

முதலில் ஒரு எதிர்க்கேள்வி. உங்கள் கம்பெனி ஒரு வருஷத்தில் எவ்வளவு பணத்துக்குப் பொருளும் சேவையும் வாங்குகிறது? சி.எஸ்.ஆர். பட்ஜெட்டைவிட அது பல மடங்கு இருக்கும். அந்தப் பெரிய தொகை யாரிடம் போகிறது, எப்போது போகிறது, எந்த விலையில் போகிறது என்பதில்தான் பலரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. நன்கொடைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

எகிப்தில் ஃபுவா என்ற ஊரில் கம்பளம் நெய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அங்கே ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்து, குலுக்கல் முறையில் சில பட்டறைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. பிறகு எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒரே நூலைக் கொடுத்து, ஒரே மாதிரிக் கம்பளம் நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி ஆர்டர் செய்தவர்கள் நெய்தது தரத்தில் மேலாக இருந்தது. வாங்குபவர் குறை சொல்ல, நெய்பவர் திருத்த, அப்படியே தொழில் கை ஏறியிருக்கிறது. இதைப் பயிற்சி வகுப்பு வைத்துச் சாதிப்பது கடினம்.

ஆகவே உங்கள் கொள்முதல் மேலாளரிடம் போய், சிறிய சப்ளையர்களுக்கு ஆர்டரில் ஒரு பங்கை ஒதுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். போட்டோ எடுத்துப் போட எதுவும் இருக்காது, அது உண்மைதான்.

சுந்தர்: தொழிற்சாலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வறுமை போகும். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எத்தியோப்பியாவில் ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு மனுப் போட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொழிற்சாலை வேலை. இன்னொரு பிரிவுக்கு சுமார் 300 டாலரும் கொஞ்சம் தொழில் பயிற்சியும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. தொழிற்சாலைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு வருஷத்துக்குள் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். கூலி வெளியில் கிடைப்பதைவிட அதிகமாக இல்லை, உடல்நலக் கோளாறுகளோ கூடின. பணம் வாங்கிச் சொந்தமாகத் தொழில் செய்தவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை வைத்து ‘தொழிற்சாலையே வேண்டாம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். பங்களாதேஷில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள கிராமங்களை ஆராய்ந்தபோது, அங்கே வளர்ந்த பெண் பிள்ளைகள் சுமார் ஒன்றரை ஆண்டு கூடுதலாகப் படித்திருந்தார்கள். கல்யாணமும் தள்ளிப்போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்றதும் பெற்றோரின் கணக்கு மாறியிருக்கிறது. ஆக, வேலை என்று ஒன்று இருந்தால் போதாது. அது ஆள் தங்கி முன்னேறக்கூடிய வேலையா என்று பாருங்கள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதைத்தான்.

நிர்மலா: அக்கா, நான் ஆடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிப்பவள். பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) 5% விலை குறைக்கச் சொல்கிறார். அதே மெயிலில் தொழிலாளர் நல விதிமுறையில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் சொல்கிறார். எதைக் கேட்பது?

இந்தக் கேள்வி வராமல் போய்விடுமோ என்று நினைத்தேன். ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு பிரிவு. கொள்முதல் பிரிவுக்குப் போனஸ் கிடைப்பது விலையைக் குறைத்ததற்கு. நலப் பிரிவின் வேலை அறிக்கை எழுதுவது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவதே இல்லை.

ஒரு ஆர்டர் கீழே இறங்கும் பாதையை யோசித்துப் பாருங்கள். டிசைன் பத்து நாள் தாமதமாக முடிவாகிறது, ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. அந்தப் பத்து நாளை ஓவர்டைமில்தான் பிடிக்க வேண்டும். ஆள் போதாவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் வெளியே சப்-காண்ட்ராக்ட் போகும். அங்கே எந்த ஆடிட்டரும் போவதில்லை. வேலை முடிந்து சரக்கு கப்பல் ஏறிய பிறகும் பணம் வர 90 நாள், 120 நாள். இடைப்பட்ட காலத்துக்கு முதலாளி வட்டிக்கு வாங்குவார், இல்லாவிட்டால் சம்பளத்தைத் தள்ளிப்போடுவார். ஆடிட்டில் ‘சம்பளத் தாமதம்’ என்று நாங்கள் எழுதுவோம். அதற்குக் காரணமான பையரின் பெயர் அந்த அறிக்கையில் எங்கேயும் இருக்காது.

2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகள் சமூக ஆடிட்டில் தேறியவை. ஆடிட் செய்து பிழைத்தவள் நான், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்: செக்லிஸ்ட் கட்டடத்தைத் தாங்காது.

தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக அதன் பிறகு வந்த அக்கார்ட் ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தது. தொழிற்சங்கங்களும் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சுயேச்சையான பொறியாளர்கள் ஆய்வு செய்து, முடிவுகளைத் தொழிற்சாலையின் பெயரோடு வெளியிட்டார்கள். பழுது பார்க்கும் செலவுக்குத் தொழிற்சாலைக்கு வழியிருக்கிறதா என்று உறுதி செய்யும் பொறுப்பு பிராண்டுகளுக்கும் இருந்தது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இந்தக் கடைசி அம்சம் இருந்ததால்தான் மற்றவை நடந்தன என்பது என் எண்ணம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுங்கள், அதோடு பதில் மெயிலில் மூன்று கேளுங்கள்: டிசைன் முடிவாகும் தேதி, அதைத் தாண்டி மாற்றினால் கூடுதல் கட்டணம், பணம் வரும் நாள். 2020இல் கொரோனா வந்தபோது பங்களாதேஷில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்கள் ரத்தாகவோ நிறுத்திவைக்கப்படவோ செய்தன. தைத்து முடித்த துணிகளும் அதில் இருந்தன. ஆகவே ரத்துச் செய்தால் யார் நஷ்டம் ஏற்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் கிடைக்காது. ஒன்று கிடைத்தாலும் லாபம்தான்.

அன்வர்: 40 பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. பெரிய செலவு முடியாது. என்ன செய்யலாம்?

கண் பரிசோதனை. சிரிக்காதீர்கள்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில், கிட்டப் பார்வை மங்கிய 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு ரீடிங் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் பறிக்கும் அளவு ஏறக்குறைய 22% கூடியது. 2018இல் வெளியான முடிவு இது. 2024இல் பங்களாதேஷிலிருந்து வந்த ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் 35 டாலர் அளவிலிருந்து 47 டாலருக்குப் போனது. தையல், ஊசி வேலை, தரம் பிரித்தல் எல்லாம் கண்ணை நம்பிய வேலை. 40க்கு மேல் யாருக்கும் கிட்டப் பார்வை மங்கும். வேலை போய்விடுமோ என்று பயந்து வாய் திறக்க மாட்டார்கள். ‘கண் மங்கினால் வேலையை விட்டுத் தூக்க மாட்டோம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது வெப்பம். பெங்களூரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய ட்யூப் லைட்டுகளை மாற்றி எல்.இ.டி. போட்டார்கள். அவை அவ்வளவு சூடு உமிழ்வதில்லை என்பதால் வெயில் நாட்களிலும் உற்பத்தி அவ்வளவாக விழவில்லை. கரண்ட் பில் குறைந்தது தனி. பிறகு சம்பளம் ஒரே தேதியில், சீட்டோடு. இதற்குச் செலவே கிடையாது.

கார்த்திக்: ஏழை மக்களுக்கென்றே பொருள் தயாரித்து விற்றால் லாபமும் வரும், நன்மையும் நடக்கும் என்கிறார்களே. ஸ்டார்ட்அப் தொடங்கலாமா?

தொடங்குங்கள், கண்ணைத் திறந்துகொண்டு. வெற்றிக் கதை என்றால் எல்லாரும் எம்-பேசாவைத்தான் சொல்வார்கள். 2007இல் கென்யாவில் சஃபாரிகாம் தொடங்கிய மொபைல் பணச் சேவை. முதல் சோதனை சிறுகடன் தவணை கட்டுவதற்காக நடந்தது. மக்களோ அதை வைத்து ஊருக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள், கம்பெனியும் அந்த வழியிலேயே போனது. அந்தச் சேவையால் கென்யக் குடும்பங்களில் சுமார் 2% வறுமையிலிருந்து வெளியே வந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தோற்றதற்கும் உதாரணம் உண்டு. பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் பொடிப் பாக்கெட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வியாபாரமாக ஓடவில்லை, பிறகு அதைத் தொண்டுப் பணியாக மாற்றினார்கள். பணம் அனுப்பும் தேவையை மக்கள் தினமும் உணர்ந்தார்கள். தண்ணீரில் இருக்கும் கிருமியை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

உங்கள் பொருள் கடன் என்றால் மட்டும் ஒரு வார்த்தை. ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் ஆய்வுகள் 2015இல் சேர்ந்தாற்போல் வெளியாயின. சிலருக்குக் கொஞ்சம் உதவியது, வாழ்க்கையைப் புரட்டிப் போடவில்லை என்பதுதான் அவற்றின் சாரம். மொபைல் ஆப் கடனில் வசூல் முறையையும் பார்க்க வேண்டும். தொடர்பு எண்களைத் திரட்டிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுகிற தொழிலுக்கு ‘சமூக நோக்கம்’ என்று பெயர் வைக்காதீர்கள்.

தேவி: ஒரு ஜோடி ஷூ வாங்கினால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி இலவசம் என்ற திட்டம்?

எல் சால்வடாரில் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தைகள் ஆசையாகப் போட்டுக்கொண்டார்கள். உடல்நலத்திலோ பள்ளி வருகையிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. அடுத்த கேள்வி.

ஜோசப்: கோகோ, காப்பிக்கு நியாய விலை (ஃபேர்டிரேட்) முத்திரை இருக்கிறதே, அது விவசாயிக்குப் போய்ச் சேருகிறதா?

கொஞ்சம் சேருகிறது. முத்திரை பெறச் செலவு உண்டு, முத்திரை பெற்ற விளைச்சல் முழுவதும் அந்த விலைக்கு விற்றுப்போவதும் இல்லை. ஐவரி கோஸ்ட், கானா இரண்டும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்குமேல் விளைவிக்கின்றன. அவை 2019இல் டன்னுக்கு 400 டாலர் கூடுதல் தொகையை அறிவித்தன. வாங்குபவர்கள் அதைக் கொடுத்தார்கள். ஆனால் தரத்துக்காக வழக்கமாகத் தரும் வேறொரு பிரீமியம் சரிந்து, பூஜ்யத்துக்கும் கீழே, அதாவது தள்ளுபடியாக, போனது. விவசாயியின் கைக்கு வரும் மொத்தத் தொகை என்ன என்று மட்டும் கேளுங்கள். பையில் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் பார்த்து அது தெரியாது.

மகாலட்சுமி: இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா மேடம்?

பாதி, ஆமாம். பங்களாதேஷில் சமையல் மஞ்சளின் நிறம் தூக்கலாகத் தெரிய, அதில் ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்து வந்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் வெளியே சொன்னார்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தைக்கு வந்து சோதித்து அபராதம் போட்டார்கள், வியாபாரிகளுக்கும் விஷயம் புரிந்தது. 2021இல் அப்படி ஒரு மாதிரிகூட அகப்படவில்லை. நேர்மையான வியாபாரி தனியாக நின்றிருந்தால் மங்கலான மஞ்சளோடு தோற்றிருப்பார். எல்லாருக்கும் ஒரே விதி என்று வந்ததும் அவருக்கும் மூச்சு வந்தது. ஆகவே ஒரு நிறுவனம் உண்மையிலேயே நல்லது செய்ய நினைத்தால், தன் சங்கத்தின் மூலம் அரசிடம் எதைக் கேட்கிறது என்பதையும் பார்ப்பேன். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தாதே என்று மனுக் கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகம் வழங்கும் நிறுவனங்கள் உண்டு.

ரேவதி: நான் முதுகலை மாணவி. நிறுவனங்களின் அறிக்கைகளைப் படித்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எதைத் தேடுவது?

சப்ளையர் பட்டியல் முகவரியோடு வெளியாகியிருக்கிறதா. சப்ளையருக்குப் பணம் கொடுக்கச் சராசரியாக எத்தனை நாள். ஆண்டில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா. ‘இத்தனை லட்சம் பேரைத் தொட்டோம்’ என்ற வரி வந்தால் தாண்டிப் போங்கள், கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களையும் அதில் எண்ணியிருப்பார்கள். இந்த நான்கில் எது இல்லையோ அதைக் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் அதைக் கட்டுரையில் சேருங்கள். வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதைச் சேருங்கள்.